முனை மழுங்காத கோடு

உவர்க்கரை அரசு மேல்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் பால்பாண்டி ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நடக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவரால் நிற்க முடியவில்லை.

ஏன், எப்படி என்று குடைகிறவர்கள் வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். ஊரில் யாரும் குடையவில்லை.

உவர்க்கரைக்கு ஒரே தெரு. முன்னொரு காலத்தில் உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றிவர அங்கே ஒரு குட்டி ரயில் ஓடிற்று, ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனபின் அந்த மேட்டின் இரண்டு பக்கமும் சனங்கள் வீடு கட்டிக்கொண்டார்கள், ஆகவே பள்ளிக்கூட வாசலில் தொடங்குகிற தெரு உப்பளக் கரையில் முட்டி நிற்கிறவரை ஓரிடத்திலும் வளையாது, ஒடியாது, வீடுகளின் சுற்றுச்சுவர்களும் தோளோடு தோள் ஒட்டி அப்படியே நேராக நிற்கும். சுவர்தான் அந்த ஊருக்குச் சோறு. பாதிப்பேர் சுவர் எழுதுகிறவர்கள். தேர்தல் வந்தால் மாவட்டம் மாவட்டமாகப் போய் எழுதுவார்கள், தேர்தல் இல்லாத காலத்தில் பல்பொடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சிமெண்டுக்கும் எழுதுவார்கள். வெள்ளையடித்த சுவரில் ஒருவர் தன் பெயரைப் போட்டு 'முன்பதிவு' என்று எழுதிவிட்டால் அவராக விட்டுக்கொடுக்கிறவரை வேறு எவனும் அதில் தூரிகை வைக்கக் கூடாது. அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டதுண்டு, சம்பந்திகள் பேச்சை முறித்ததுண்டு, முன்பதிவுச் சுவரைத் தொட்டவன் கிடையாது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இயற்பியல் சொல்ல வந்தவர் ஜெபமணி டீச்சர். ஆய்வகத்துக் கூரை ஒழுகி டிராலிகள் துருவேறிச் சக்கரம் சுழலாமல் கிடந்ததைப் பார்த்தார், பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்தார், தெரு இருக்கிறது போதும் என்றார். பள்ளி வாசல் பூச்சியம். அங்கிருந்து நாடா பிடித்துக் கரைவரை சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு ஒரு பிள்ளை, பிள்ளை கையில் ஒரு கைபேசி, மாஸ்டர் கடக்கிற நேரத்தைக் குறிக்க வேண்டியது, பிறகு தூரத்தை மேலேயும் நேரத்தைக் கிடையாகவும் வைத்து வரைய வேண்டியது. ஒரே வேகத்தில் நடக்க இந்த ஊரில் யாரால் முடியும் என்று பார்த்தபோது எல்லாப் பிள்ளைகளும் பால்பாண்டி மாஸ்டரைக் காட்டினார்கள். முப்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, அணிவகுப்பில் முன்னால் போனால் பின்னால் வருகிறவனுக்குத் தாளம் தப்பாது.

அவருக்கு ஐப்பசியில் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் 'பி.டி. வாத்தியாரா, கணக்கு வாத்தியார் இல்லையா' என்று கேட்டு அனுப்பிவிட, கடைசியில் ஆயுதப்படைப் போலீசில் இருக்கிற ஒரு பெண் காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டே 'சரி' என்று சொல்லியிருந்தாள், அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் மனிதர் மூன்று மாதமாக விசில் ஊதினார்.

நடந்தார். போனார், வந்தார், போனார், வந்தார். பிள்ளைகள் குறித்தார்கள். வரைபடத்தாள் வகுப்புக்குக் காணாது என்று டீச்சர் பள்ளிச் சுவரிலேயே புள்ளி வைக்கச் சொன்னார். பென்சிலால் கையோட்டமாக இணையுங்கள், திரும்புகிற இடத்தில் கோடு கொஞ்சம் உருண்டு திரும்ப வேண்டும், திரும்புகிறவன் கண் சிமிட்டுகிற நேரமாவது நின்றுதான் திரும்புவான் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் கூப்பிட்டார் என்று உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் சுவர் எழுதுகிற காசிமுத்துவின் மகள் மாரீஸ்வரி வேலையை முடித்திருந்தாள். நீலப்பொடி தோய்த்த நூலைப் புள்ளிக்குப் புள்ளி இழுத்துப் பிடித்துச் சுண்டி, சுண்டின கோட்டின் மேல் கறுப்பு எனாமல் ஓட்டியிருந்தாள். சுவர் எழுதுகிற வீட்டுப் பிள்ளைக்கு வளைவு என்றால் கைநடுக்கம் என்று அர்த்தம். ஏறின கோடு ஈட்டி முனையாகக் குத்திட்டு இறங்கிற்று, இறங்கினது குத்திட்டு ஏறிற்று, உருண்ட இடம் ஒன்றுகூட இல்லை. சுவர் முடிந்த இடத்தில் வாசகம் முடியாவிட்டால் அடுத்த சுவருக்கு அம்புக்குறி போடுவது அவர்கள் வழக்கம். அதையும் போட்டிருந்தாள்.

பால்பாண்டி மாஸ்டர் கடைசி முறையாக வாசலுக்கு வந்தார். நிற்காமல் திரும்பினார். போனார்.

போதும் சார் என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"போதும்னு எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலையே" என்றார், போய்க்கொண்டே.

மறுநாள் காலையில் கோடு பள்ளிச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுச் சுவரில் அதே கறுப்பில் அதே கூர்மையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, எழுதுகிற கை இல்லை, மாஸ்டர் கரைக்குப் போகப் போகக் கோடு ஏறும், வாசலுக்கு வர வர இறங்கும், நாளுக்கு ஒரு வீட்டுச் சுவர் என்று அது தன்பாட்டுக்குப் போயிற்று. வீட்டுக்காரம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். வேலை சுத்தமாக இருக்கிறது என்றாள். காசிமுத்து மட்டும் மகள் செய்த காரியத்துக்குப் பரிகாரம் என்று சுண்ணாம்பு எடுத்துக் கோட்டின் நுனியில் விரலகலம் பூசினார். பூசின அந்த விரலகலத்துக்கு மாஸ்டரைத் தெருவில் காணோம். மாவு மில்லுக்கு இந்தப் பக்கம் வரை வந்தவர் அந்தப் பக்கத்தில்தான் தென்பட்டார், நடுவில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் 'எங்கேயும் இல்லை' என்றார். அதற்குப் பிறகு கோட்டை யாரும் தொடவில்லை.

தடுத்துப் பார்த்தார்கள். கயிறு கட்டினார்கள், கயிற்றைப் பிடித்த நாலு பேரும் பின்னாலேயே கரைவரை போய் வந்தார்கள். உப்பு லாரியைக் குறுக்கே விட்டார்கள், ஏறி இறங்கி அதே வேகத்தில் போனார். டீச்சர் அடுத்த சுவருக்கு முன்கூட்டியே போய் முனைகளை உருட்டி வரைந்து வைத்தார், கோடு வந்து அதைப் பார்த்துவிட்டு அதன் மேலேயே கூர்மையாகக் குத்திக்கொண்டு போயிற்று. டீச்சர் சாப்பிடுவதைக் குறைத்தார். மாரீஸ்வரி தூரிகையைத் தொடமாட்டேன் என்றாள்.

மற்றபடி ஊர் வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. நாவிதர் பின்னோக்கி நடந்துகொண்டே சவரம் செய்யக் கற்றுக்கொண்டார், ஒரு வெட்டு விழவில்லை. வாசல் பக்கத்து டீக்கடையில் தம்ளர் வாங்கினவர் கரைப் பக்கத்துக் கடையில் காலித் தம்ளரைக் கொடுத்தார், இரண்டு கடைக்காரர்களும் அதை முன்னிட்டு ராசியானார்கள். தூக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார், நேர்த்தெருவில் கண் எதற்கு. மாஸ்டர் ஒரு தடவை போய் வந்தால் சோறு வேகும், அரைத் தடவைக்குப் பருப்பில் விசில் வரும் என்று பெண்கள் அடுப்பை அவரைப் பார்த்துப் பற்றவைத்தார்கள். மாஸ்டர் எங்கே என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, சுவரைப் பார்த்தால் போதும். படிக்காத கிழவர்களெல்லாம் முனை நெருங்குது, இப்பத் திரும்பிருவாரு என்று வரைபடம் படித்தார்கள். பொதுத்தேர்வில் முக்கி முனகிய பிள்ளைகளுக்குச் சரிவு என்றால் வேகம், சரிவு ஒன்றாக இருந்தால் வேகமும் ஒன்று என்பது கஞ்சி குடிப்பதுபோல் ஆயிற்று. சர்க்கரை நோயாளிகள் ஒரு கூட்டமாக அவர் பின்னால் சேர்ந்தார்கள். ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் அந்தக் கூட்டத்தில் நடந்து இடுப்பு வேட்டியை இரண்டு சுற்று அதிகம் சுற்றுகிற அளவுக்கு இளைத்தார். வாசலைத் தாண்டும்போதெல்லாம் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று தலைமையாசிரியர் மேலே எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. வராது.

ஆனால் திரும்புகிற இடத்தில் மட்டும் அவரோடு யாராலும் சேர்ந்து திரும்ப முடியவில்லை. கரைக்குப் போனதும் கூட்டம் மூச்சு வாங்கி, தயங்கி, வளைந்து திரும்பும், அதற்குள் அவர் குத்திட்டுத் திரும்பிப் போயிருப்பார். நாள் முழுக்க ஊரே கூட நடந்தது, மனிதர் தனியாகத்தான் இருந்தார்.

ஐப்பசி நெருங்கிற்று. நாளுக்கு ஒரு சுவர் என்பதால் முகூர்த்த நாள் எந்தச் சுவரில் விழும் என்று எண்ணிப் பார்த்துவிட்டார்கள். அது சமுதாயக்கூடத்துக்கு நேர் எதிரே இருக்கிற சுவர். கல்யாணமும் அந்தச் சமுதாயக்கூடத்தில்தான்.

பெண்ணின் தகப்பன் பிச்சைக்கனி லாரி ஓட்டி ஓய்ந்தவர், கோபக்காரர். வந்தார், தெருவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாப்பிள்ளை நாலு தடவை போய் வருவதைப் பார்த்தார். எழுந்தார். மணவறையில் உட்கார முடியாதவனுக்கு மணவறை எதற்கு, முகூர்த்தத்துக்குள் இந்த ஆள் நின்றால் பார்க்கலாம், இல்லையென்றால் தேங்காய் பழத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்று அவரிடமே நேரில் சொன்னார். நேரில் என்றால், அவரோடு சேர்ந்து ஓடிக்கொண்டு சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு இரைத்து ஒரு சோடா குடிக்க வேண்டி வந்தது, அதனால் கோபம் இரட்டிப்பாயிற்று.

பால்பாண்டி அன்றைக்குக் கொடுத்த டீயை வாங்கவில்லை, எதிரே வந்த பிள்ளைகளின் வணக்கத்துக்குத் தலையசைக்கவில்லை, கோடும் அவரும் மட்டும் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மகளே வந்தாள். பாதுகாப்புப் பணி முடித்து நேரே வந்தவள், காக்கி உடுப்பு, கஞ்சி போட்ட மடிப்பு, தொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்தாள். பஸ்ஸை விட்டிறங்கி, மாஸ்டர் வருகிறவரை நின்று, அவர் இடது காலை வைக்கும்போது தானும் இடது காலை வைத்து அவர் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். திண்ணமாகச் சொல்கிறேன், தெருவில் அடுப்பில் இருந்த சோறெல்லாம் அன்றைக்குக் குழைந்தது.

"என்ன வாத்தியாரே, பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஒரு மணி நேரம் உக்காந்து கேசரி தின்னீய. அப்ப நல்லாத்தான இருந்தீய?"

"அப்பக் கோடு போடலைங்க."

"உங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு வரச் சொல்லி எங்கப்பா அனுப்பியிருக்காரு."

மாவு மில் வந்தது, போயிற்று. தபால் நிலையம் வந்தது, போயிற்று.

"சொல்லிட்டீங்களா?" என்றார் அவர்.

"எங்க சொன்னேன். நடந்துக்கிட்டுல்லா இருக்கேன்."

கரை வந்தது. பின்னால் வந்த கூட்டம் வழக்கம்போலத் தயங்கிற்று. அவள் தயங்கவில்லை. பயிற்சிக் கல்லூரியில் வெயிலில் நிறுத்திவைத்து அடித்துப் பழக்கியது, நடந்துகொண்டே குதிகால் தட்டி அவரோடு ஒரே அடியில் குத்திட்டுத் திரும்பினாள். திரும்பின பிறகு பார்த்தால் அவர் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது. இத்தனை நாளில் முதல் தடவை. பால்பாண்டி அழுதார், வேகம் குறையாமல் அழுதார். அவள் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள், முகத்தைத் திருப்பாமல், அணிவகுப்பில் திருப்பக் கூடாது.

அன்று மாலைவரை நடந்தாள். ஊர் கணக்குப் பார்த்தது, அவள் அவரைவிட்டு முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. நடந்துகொண்டே சுவரைப் பார்த்தாள், கோடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தாள். பிறகு பள்ளி வாசலில் நின்றிருந்த ஜெபமணி டீச்சரைத் தாண்டும்போது கேட்டாள்.

"டீச்சர், இந்தக் கோட்டுல தூரம் எங்கயிருந்து அளக்கிய?"

வாசலிலிருந்து என்றார் டீச்சர்.

அடுத்த சுற்றில் வந்தாள். "வாசல்லயிருந்து தான் அளக்கணும்னு சட்டமா?"

சட்டமில்லை, எங்கிருந்து வேண்டுமானாலும் அளக்கலாம் என்று டீச்சர் சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமல் நின்றார். அதுதான் அந்தப் பாடத்தின் முதல் பக்கம், அவரே கரும்பலகையில் எழுதிப் போட்டது. வாசல் நகராது என்பதால் வாசலை வைத்தார், அவ்வளவுதான்.

மூன்றாவது சுற்றில் அவள் இன்னும் பக்கத்தில் வந்து, கேள்வியாக இல்லாமல், கட்டளையாக, ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னாள்: "என்னிலயிருந்து அளங்க."

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். பிறகு மாரீஸ்வரியைக் கூட்டிவரச் சொன்னார். பிறகு ஒரு தட்டு சோறு கேட்டார்.

ஆனால் சுவர்? முகூர்த்த நாளின் சுவர் அந்த இளைத்த கிளைச் செயலாளர் கட்சிக்கு முன்பதிவு. உவர்க்கரையில் முன்பதிவான சுவரை விட்டுக்கொடுத்த ஆள் அதுவரை பிறக்கவில்லை. பெரிய தலைவர்கள் கேட்டே இல்லையென்று சொன்ன ஊர். ஆகவே ஊரே செயலாளர் வீட்டு முன்னால் கூடி நின்றது. அவர் வெளியே வந்தார். சுவரைப் பார்த்தார், தன் வேட்டியைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற மனைவி நடந்து நடந்து வற்றிய அவருடைய சர்க்கரையைப் பற்றி மெதுவாக ஏதோ சொன்னாள். தலைமைக்குத் தெரிந்தால் பதவி போகும் என்றார். பிறகு தன் கையாலேயே கட்சி எழுத்தின் மேல் வெள்ளையடித்தார்.

விட்டுக்கொடுத்தால் அந்தச் சுவரில் வாங்கிக்கொண்டவர் பெயரை எழுத வேண்டும் என்பது அதுவரை பயன்படாத விதி. மாரீஸ்வரி தூரிகையைத் தொட்டாள். அடியில் நூல் சுண்டி ஒரு கிடைக்கோடு அடித்தாள், அதன் ஓரத்தில் பூச்சியம் போட்டாள், மேலே அவள் அப்பன் தேர்தலுக்கு எழுதுகிற எழுத்தில், தூண் தூணாக, முன்பதிவு என்று எழுதி மணப்பெண்ணின் பெயரைப் போட்டு, 'தூரம் இவரிடமிருந்து' என்று எழுதினாள். அம்புக்குறி போடவா என்று கேட்டாள். கையை உடைத்துவிடுவேன் என்றார் காசிமுத்து.

முகூர்த்த நாள் விடிந்தது. ஒலிபெருக்கி பாடிற்று, பந்தியில் இலை விழுந்தது, பிச்சைக்கனி வாசலில் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் நின்றார். தேங்காய் பழத் தட்டை வண்டியிலேயே வைத்திருந்தார், இறக்கவில்லை. மணப்பெண் கூறைப்புடவையில், மல்லிகைப்பூவில், காலில் மட்டும் போலீஸ் ஷூவோடு, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இடது வலது என்று நடந்துகொண்டிருந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் சனம். யாரும் அவர்களைப் பார்க்கவில்லை, எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். கோடு முந்தின சுவரின் கடைசி முனையில் ஏறி, ஓரத்துக்கு வந்து, புது வெள்ளையில் கால் வைத்தது.

விழுந்தது. கிடைக்கோட்டின் மேல் விழுந்து, பூச்சியத்தோடு ஒட்டிப் படுத்து, ஏறாமல் இறங்காமல் நேராக ஊர்ந்தது.

அப்போதும் அவர்கள் இரண்டு பேரும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அதுதான் விசேஷம். அவளிடமிருந்து அவர் இருக்கிற தூரம் பூச்சியம், ஆகவே கோடு படுத்திருக்கிறது, ஆகவே படுத்த கோட்டுக்கு அவர் கட்டுப்பட்டாக வேண்டும். அவள் இதைக் கரைக்குப் போகிற வழியில் அவரிடம் சொல்லியிருந்தாள். சமுதாயக்கூடத்துக்கு எதிரே வந்ததும் அவள் ஒரு அடியைச் சின்னதாக வைத்தாள். அவரும் சின்னதாக வைத்தார். அவள் அதற்கும் சின்னதாக ஒன்று வைத்தாள். அவரும் வைத்தார்.

அவள் நின்றாள்.

அவர் நின்றார்.

மாவு மில்காரர் மில் ஓடாதபடி பட்டையைக் கழற்றிவிட்டிருந்தார். பால்பாண்டி தன் கால்களைக் குனிந்து பார்த்தார், யாரோ வெளியூர்க்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு பெண்கள் குலவை போட்டார்கள், தெரு இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் குலவை ஓடிற்று, செயலாளர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஆடினார், சர்க்கரை நோயாளிகள் அத்தனைபேரும் லட்டு தின்றார்கள், தலைமையாசிரியர் பேனாவைத் திறந்து ஒரே ஒரு வருகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிச்சைக்கனி வண்டியிலிருந்து தட்டை இறக்கினார்.

அவள் மணவறையில் உட்கார்ந்தாள், அவர் உட்கார்ந்தார். அவள் எழுந்து தீயைச் சுற்றினாள், அவரும் சுற்றினார். சேலை மாற்றப் போனாளே, அப்போது என்ன செய்தார் என்று ஊரில் சில பேர் இளித்துக்கொண்டு கேட்பார்கள். மாரீஸ்வரியின் தூரிகை அகலம், கோட்டின் தடிமன் நாலு எட்டுக்கு இடம் கொடுக்கும், அவர் கதவுக்கு வெளியே நின்றார். போதுமா? பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு இலை. பாயசத்துக்கு நடுவில் அப்படியே தூங்கிப்போனார், அவள் தோளைக் கொடுத்தாள்.

சுவர் முடிகிற இடத்துக்குக் கோடு வந்தபோது அவள் தூரிகையை வாங்கி, நுனியில் தடித்ததாக ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள். கோடு அதில் முட்டி நின்றது. அடுத்த சுவர் வெள்ளையாகவே விடிந்தது. மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு எழுந்து, தன் இஷ்டத்துக்கு வளைந்து வளைந்து, கரைக்குப் போகாமல் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார்.

பால்பாண்டி மாஸ்டரை நிறுத்தினது யார் என்று அந்த ஊரில் இன்னும் சண்டை நடக்கிறது. சுவர் கொடுத்த கட்சி என்கிறார் செயலாளர், எழுத்து என்கிறார் காசிமுத்து, இயற்பியல் என்கிறார் டீச்சர், நேரம் கூடிவந்தது என்கிறார் பிச்சைக்கனி. வாய் வலிக்கப் பேசுவார்கள். தலையைத் தூக்கிப் பார்க்கச் சோம்பல். சமுதாயக்கூடத்துக்கு எதிர்ச்சுவரில் தூண் தூணாக எழுதியிருக்கிறது, வெயிலும் மழையும் இன்னும் தொடவில்லை: சண்முகக்கனி.